தமிழ்ப் பள்ளியின் நன்றி நாணயம்: 300 சேலஞ்ச் காயின்கள், ஓர் ஆர்டரின் முழுக் கணக்கு

சேலஞ்ச் காயின் என்பது ஓர் அமைப்பின் சின்னத்தைப் பொறித்து, நன்றிக்கும் மரியாதைக்கும் கொடுக்கும் உலோக வில்லை. அது கையில் விழுந்ததும் முதலில் தெரிவது அதன் கனம். ஒன்றே முக்கால் அங்குல வட்டம், 3 மி.மீ. தடிமன். உள்ளங்கையில் வைத்து மூடினால் விரல்கள் அதைச் சரியாகச் சூழ்ந்துகொள்ளும். அமெரிக்க ராணுவத்தில் இதைக் கைகுலுக்கும்போதே உள்ளங்கைக்குள் வைத்து மாற்றிக் கொடுப்பார்கள். 2009 நவம்பரில் ஃபோர்ட் ஹூட் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேருக்கான அஞ்சலியின்போது, அதிபர் ஒபாமா ஒவ்வொருவரின் நினைவிடத்திலும் ஒரு நாணயம் வைத்துவிட்டு நகர்ந்தார். கடையில் விலை போகாத ஓர் உலோக வில்லைக்கு அந்த இடத்தில் இருந்த மதிப்பைத்தான் தொண்டு அமைப்புகள் தங்கள் ஆதரவாளர்களுக்கும் கொடுக்க விரும்புகின்றன.

ராணுவத்திலிருந்து தீயணைப்பு, காவல் துறைகளுக்குப் போன வழக்கம், அங்கிருந்து அறக்கட்டளைகளுக்கும் வந்துவிட்டது. சால்வையும் கேடயமும் கொடுத்துப் பழகிய தமிழ் அமைப்புகளும் இதைக் கேட்கத் தொடங்கினால் நல்லதுதான். கேடயம் அலமாரிக்குப் போகும், நாணயம் பையிலும் மேசையிலும் கிடக்கும். ஆனால் கேடயத்தைக் கடையில் பார்த்து வாங்கலாம். நாணயம் முழுக்கப் புதிதாகச் செய்யப்படுவது, தப்பு நடந்தால் 300-லும் அதே தப்பு இருக்கும்.

ஆய்வுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி ஆர்டர். அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும், வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற ஒரு தொண்டு அமைப்பு, 300 நாணயம், தமிழும் ஆங்கிலமும் கலந்த வாசகம், ஏப்ரல் 14 சித்திரை விழாவில் வழங்கத் திட்டம். இது குறிப்பிட்ட எந்தப் பள்ளியும் அல்ல. கீழே வரும் எடை, நீளம், நாள் கணக்கெல்லாம் இந்த மாதிரிக்காகப் போட்டவை.

யாருக்கு என்பதை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான குழுக்கள் வடிவமைப்பில் தொடங்குகின்றன. வாட்ஸாப் குழுவில் பத்து படம் வரும், இரண்டு வாரம் ஓடிவிடும். தொடங்க வேண்டிய இடம் பெறுநர் பட்டியல். யார் பெறுகிறார் என்பது முடிவானால் எண்ணிக்கை, வாசகம், செலவு மூன்றும் தானாக அமையும்.

மாதிரிப் பள்ளியின் விதி இது: மூன்று கல்வியாண்டு முழுதாகக் கற்பித்த தன்னார்வ ஆசிரியர்கள் 140 பேர், ஐந்து ஆண்டு விடாமல் நன்கொடை கொடுத்தவர்கள் 100 பேர், தொகை எவ்வளவானாலும். அடுத்த ஆண்டில் தகுதி பெறுவோருக்கு 40. மீதி 20, அமைப்பின் ஆவணப் பிரதிக்கும் கெட்டுப்போவதற்கும். மொத்தம் 300.

விதியில் தொகையைச் சேர்க்காதது வேண்டுமென்றே. "ஆயிரம் டாலர் கொடுத்தால் நாணயம்" என்று அறிவித்த கணமே அது விலைப்பட்டியல் ஆகிவிடும். மாதம் 10 டாலர் வீதம் ஐந்து ஆண்டு கொடுத்தவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பள்ளியின் வாடகையைத் தவறாமல் கட்ட வைத்ததோ அந்தப் பத்து டாலர்தான். கொடையை விலையிலிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் பழையது. 1813-ல் நெப்போலியனை எதிர்த்த போருக்காகப் பிரஷ்யப் பெண்கள் தங்க நகைகளைக் கொடுத்தபோது, பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது இரும்பு மோதிரம். "இரும்புக்காகத் தங்கம் கொடுத்தேன்" என்று ஜெர்மன் மொழியில் அதில் பொறித்திருந்தது. அந்த நாட்களில் விரலில் இரும்பு இருந்தால் அதுதான் பெருமை. 1787-ல் இங்கிலாந்தின் பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்துக்காகச் செய்த பீங்கான் பதக்கமும் அப்படித்தான் பரவியது. பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள், ஆண்கள் மூக்குப்பொடி டப்பியின் மூடியில் பதித்துக்கொண்டார்கள்.

வாசகத்தையும் பட்டியலே தீர்மானிக்கும். குழுவின் முதல் யோசனை "தமிழ் கற்பித்த கைகளுக்கு நன்றி". கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நன்கொடையாளர் 100 பேரும் கற்பித்தவர்கள் இல்லை; அவர்கள் கையில் அந்த நாணயம் வேறு யாருக்கோ உரியதாக இருக்கும். "தமிழ் வளர்த்த கைகளுக்கு நன்றி" என்று ஒரு சொல்லை மாற்றினால் 240 பேருக்கும் பொருந்துகிறது.

மாணவர்களுக்கும் ஒன்று கொடுக்கலாமே என்ற கேள்வி கட்டாயம் வரும். இதே ஆர்டரில் கொடுக்கக் கூடாது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கென்று செய்யப்படும் பொருளுக்கு அமெரிக்காவில் தனிப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. உலோகத்தில் ஈயம் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு), மேற்பூச்சில் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது, அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தின் அறிக்கையும் சான்றிதழும் வேண்டும். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அதைத் தனி ஆர்டராகப் போட்டு, சோதனைச் செலவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வரிக் கணக்கில் ஒரு நாணயத்தின் உச்சவரம்பு

நன்கொடைக்குப் பதிலாக ஏதாவது கொடுத்தால், அதன் மதிப்பைக் கழித்துத்தான் நன்கொடையாளர் வரிவிலக்குக் கோர முடியும் என்பது அமெரிக்க வரித்துறையின் பொது விதி. 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பொருள் கொடுத்தால், அந்தப் பொருளின் மதிப்பை எழுத்தில் தெரிவிப்பதும் அமைப்பின் கடமை. சிறு நினைவுப் பொருளுக்கு இதில் விலக்கு இருக்கிறது. அமைப்பின் பெயரோ சின்னமோ பொறித்திருக்க வேண்டும், அமைப்புக்கு ஆன அடக்கவிலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், நன்கொடையும் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தொட வேண்டும். 2025-க்கு அந்த எண்கள் 13.60 டாலர், 68 டாலர். ஆண்டுதோறும் பணவீக்கத்தை ஒட்டி மாறும் என்பதால் ஆர்டர் போடும் ஆண்டின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

13.60 டாலர் என்பது ஒரு நாணயத்துக்கு மட்டும் உரிய வரம்பு என்று நினைத்துக் கணக்குத் தப்புகிறவர்கள் உண்டு. ஒரே ஆண்டில் ஒரே நன்கொடையாளருக்குக் கொடுத்த எல்லாப் பொருளுக்கும் சேர்த்துத்தான் அந்த வரம்பு. பொங்கலுக்கு ஒரு டி-ஷர்ட், சித்திரைக்கு நாணயம் என்றால் இரண்டின் அடக்கமும் கூடும். 300 நாணயத்துக்கும் டை (எஃகு அச்சு), அடிப்பு, எனாமல் (வண்ணப் பூச்சு), கூரியர், சுங்கம், உறை, அட்டை எல்லாம் சேர்ந்து 4,080 டாலருக்குள் முடிந்தால் வரம்புக்குள் இருக்கிறோம். கொடுத்த தொகை 68 டாலருக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அவர்களுக்கான ரசீதில் நாணயத்தின் மதிப்பைக் குறிப்பிடலாமா என்று கணக்காளரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆசிரியர்கள் பணம் கொடுத்துப் பெறவில்லை என்பதால் இந்தக் கழிப்புக் கணக்கு அவர்களைத் தொடாது.

மிஞ்சியதை விழா மேசையில் விற்கலாம் என்ற யோசனையை ஏற்காதீர்கள். விற்பனை வரி ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று ஆண்டு சனிக்கிழமைகளைக் கொடுத்து ஒருவர் பெற்றதை அடுத்த மேசையில் 20 டாலருக்கு வாங்கலாம் என்றால், அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது வெறும் பித்தளை.

உலோகம், அளவு, எடை

வழக்கமான அளவுகள் ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மி.மீ., பழைய ஐசன்ஹோவர் டாலரின் விட்டம். ஆங்கில எழுத்துக்கு அது போதும், தமிழுக்கு இடம் நெருக்கும். இரண்டு அங்குலம் சட்டைப்பையில் உறுத்தும். மாதிரிக்கு ஒன்றே முக்கால், அதாவது 44.45 மி.மீ.

இந்த விட்டத்தில் 3 மி.மீ. தடிமன் என்றால் முழு வில்லையின் கன அளவு 4.65 கன செ.மீ. பித்தளையில் 39 கிராமுக்குச் சற்று மேல், துத்தநாகக் கலவையில் ஏறத்தாழ 31 கிராம். இரு முகத்திலும் பாதிக்கு மேற்பட்ட பரப்பு 0.4 மி.மீ. பள்ளமாகும்போது பித்தளை 33 கிராமுக்கும் துத்தநாகம் 26 கிராமுக்கும் இறங்கும். இந்த ஏழு கிராம் வித்தியாசம் கைக்குத் தெரியும். விலைப்பட்டியலில் "அலாய்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகம்தான். கேட்டு எழுதி வாங்குங்கள்.

துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்ப்பார்கள். நடுவில் ஓட்டை, ஒழுங்கற்ற விளிம்பு, ஆழமான முப்பரிமாண உருவம் வேண்டுமானால் அதுதான் வழி. அதன் தொல்லை உள்ளே சிக்கும் காற்று. பிளேட்டிங் (மெல்லிய உலோக மேற்பூச்சு) முடிந்து எனாமலைச் சூட்டில் உலர்த்தும்போது அந்தக் காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளம் எழும். பித்தளையை வார்ப்பதில்லை, எஃகு டைக்கு நடுவே வைத்துப் பிரஸ்ஸில் அடிப்பார்கள். விளிம்பும் எழுத்தும் கூர்மையாக நிற்கும். வட்டமான, ஓட்டை இல்லாத, எழுத்து நிறைந்த நம் நாணயத்துக்குப் பித்தளை அடிப்புத்தான் சரி. 300 நாணயம் ஏறத்தாழ 10 கிலோ வரும்.

தமிழ் எழுத்தை உலோகத்தில் ஏற்றுவது

தொழிற்சாலைகளின் வழிகாட்டி எல்லாம் ரோமன் எழுத்தை மனதில் வைத்து எழுதியவை. நம் எழுத்துக்கு அந்த அளவுகள் ஒத்துவராது, ஆர்டர்கள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

அடிப்பில் நிற்கும் மேடான கோட்டுக்குக் குறைந்தபட்ச அகலம் 0.2 மி.மீ., இரு கோட்டுக்கு நடுவே பள்ளம் 0.3 மி.மீ. என்று வையுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றரை மி.மீ. உயரத்திலேயே இந்த அளவுக்குள் அடங்கும். "கை"யில் வரும் இரட்டைச் சுழியை அதே உயரத்தில் வைத்தால் சுழிக்குள் பள்ளமே மிஞ்சாது, பொட்டு வைத்தது போல மூடிக்கொள்ளும். தமிழ் எழுத்தின் உடலுக்கு 2.5 மி.மீ. உயரம் கொடுங்கள். தடித்தும் மெலிந்தும் போகும் எழுத்துருவைத் தவிர்த்து, ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவை எடுத்துக் கோட்டை 0.3 மி.மீ.யில் வையுங்கள்.

இப்போது இடத்தை அளப்போம். விளிம்பை ஒட்டிய வாசக வளையத்தின் ஆரம் 19 மி.மீ. என்றால் சுற்றளவு 119 மி.மீ. இடைவெளியும் சேர்த்து ஓர் எழுத்துக்குச் சராசரி மூன்றரை மி.மீ. "தமிழ் வளர்த்த கைகளுக்கு நன்றி" என்பதில் 16 எழுத்து, மூன்று இடைவெளி, ஆக 66.5 மி.மீ. மிச்சம் 52 மி.மீ.யில் அமைப்பின் பெயர் ஆங்கிலத்தில், 2 மி.மீ. உயரத்தில் 25 எழுத்துக்குள் வரும். குறள் ஒன்றை முழுதாக வளையத்தில் ஓட்டும் ஆசை பல குழுக்களுக்கு உண்டு. ஏழு சொல்லும் இடைவெளியும் சேர்ந்தால் வளையம் முழுவதையும் விழுங்கும், அமைப்பின் பெயருக்கு இடம் இருக்காது. எழுத்தைச் சிறிதாக்கினால் சுழி மூடும்.

புள்ளிதான் எல்லாவற்றிலும் நுட்பம். நம் வாசகத்தில் ஐந்து புள்ளி: ழ், ர், த், க், ன். ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. விட்டத்தில் தனித்து நிற்கும் ஒரு குட்டி மேடு, எழுத்தின் தலைக்கும் அதற்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தைச் சுற்றி வண்ண எனாமல் ஊற்றினால் இன்னொரு கேடு: நீண்ட கோடு எனாமலுக்கு மேலே தெரியும், இந்தச் சிறு மேட்டின் மீது மட்டும் வண்ணம் ஏறி மூழ்கடித்துவிடும். "நன்றி", "நனறி" ஆகும். அதனால் வாசக வளையத்தில் எனாமலே வேண்டாம். ஆன்டிக் ஃபினிஷ் போடுங்கள்: முழு முகத்திலும் கருமை ஏற்றி, மேட்டை மட்டும் தேய்த்து எடுப்பார்கள்; பள்ளத்தில் கருமை தங்கி எழுத்து பளிச்சென்று நிற்கும்.

கோப்பு அனுப்பும்போது எழுத்துருவாக அனுப்பாமல், எல்லா எழுத்தையும் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடாக, மாற்றிய வெக்டர் கோப்பாக அனுப்புங்கள். எதிர்முனைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றாலும், வரைகலை மென்பொருளில் இந்திய எழுத்துக்கான அமைப்பு இயங்கவில்லையென்றாலும் "கை"யின் ஐகாரக் குறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ளு, கு இரண்டும் உடைந்து புள்ளிவட்டம் முளைக்கும். டை வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அதுவும் ஒரு வடிவம், அப்படியே வெட்டிவிடுவார். அவுட்லைன் கோப்போடு, அச்சடித்த தாளைப் படமெடுத்து "இப்படித்தான் தெரிய வேண்டும்" என்று ஒரு படமும் வையுங்கள். தொழிற்சாலை திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வரைவிலும் ஐந்து புள்ளியையும், மி, கை, ளு, கு, றி ஆகிய ஐந்து இடங்களையும் விரல் வைத்து எண்ணுங்கள். வரைவு திருத்தப்படும்போது முந்தைய வரைவில் சரியாக இருந்த எழுத்து உடைவதும் நடக்கும்.

முகமும் மறுமுகமும்

முன்முகத்தில் நடுவே ஒரே ஒரு "அ", 18 மி.மீ. உயரத்தில், அதைச் சுற்றி வாசகம். மறுமுகத்தில் பள்ளியின் சின்னம் மூன்று வண்ண எனாமலில். கீழே எண்ணுக்காக 9 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரத்தில் வெறுமையான ஒரு கட்டம். தலைவர்கள், புலவர்கள் முகத்தை 44 மி.மீ.க்குள் கொண்டுவரும் முயற்சியில் சாயல் பெரும்பாலும் கெட்டுவிடும். தவிர்ப்பதே அவர்களுக்கு மரியாதை. நான்முகச் சிங்கச் சின்னத்தை வைக்கவே கூடாது. இந்திய அரசுச் சின்னத்துக்கான 2005-ம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். அமெரிக்கப் புழக்கக் காசைப் போலத் தோன்றும் வில்லை செய்வது அந்நாட்டு ஃபெடரல் சட்டத்தில் குற்றம், ஆகவே குவார்ட்டர் (25 சென்ட் காசு) அளவும் அதன் தோற்றமும் வேண்டாம்.

இரு முகமும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நிற்கும் என்பதைப் பணித்தாளில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால் மறுமுகம் நேராக நிற்கும்; இது காயின் அலைன்மென்ட். பக்கவாட்டில், புத்தகத் தாளைத் திருப்புவது போலப் புரட்டினால் நேராக நிற்பது மெடல் அலைன்மென்ட். சேலஞ்ச் காயினுக்கு மெடல் அலைன்மென்ட்தான் பொருத்தம், கண்ணாடி ஸ்டாண்டில் வைத்துத் திருப்பும்போது சின்னம் தலைகீழாகாது. "மெடல் அலைன்மென்ட், 0 டிகிரி" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால் பிரஸ்ஸில் டை எப்படிப் பூட்டப்பட்டதோ அப்படித்தான் வரும்.

எனாமலும் பிளேட்டிங்கும்

சாஃப்ட் எனாமலில் முதலில் பிளேட்டிங், பிறகு ஊசிக் குழலால் பள்ளத்தில் வண்ணம் விட்டுச் சூட்டில் உலர்த்துவார்கள். வண்ணம் உலோகக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். ஹார்ட் எனாமலில் வண்ணத்தை நிரம்ப ஊற்றி, உலர்த்தி, உலோகத்தோடு சமமாகத் தேய்த்து, கடைசியில் பிளேட்டிங் போடுவார்கள். கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும், கீறல் தாங்கும். ஆனால் அதோடு ஆன்டிக் ஃபினிஷ் ஒத்துப்போகாது. கருமை தங்குவதற்குப் பள்ளமே இல்லை. நம் முன்முகத்துக்கு ஆன்டிக் கட்டாயம் என்பதால் மறுமுகத்துக்குச் சாஃப்ட் எனாமல் என்றே முடிவாகிறது. ஒரு முகத்தின் எழுத்து மறுமுகத்தின் எனாமலை இப்படித் தீர்மானிப்பதை முதல் நாளிலேயே குழுவுக்கு விளக்கிவிட்டால் பின்னால் வருத்தம் இல்லை.

வண்ணத்தைப் பான்டோன் கோடட் எண்ணால், அதாவது அச்சுத் தொழிலின் பொது வண்ண அட்டவணையில் உள்ள எண்ணால் சொல்லுங்கள். "சங்கத்தின் மெரூன்" என்று சொன்னால் ஆளுக்கொரு மெரூன். திரையில் தெரியும் வண்ணம் ஒளியால் ஆனது, எனாமல் எப்போதும் அதைவிட அடர்த்தியாகத் தெரியும். வெள்ளையைச் சூட்டில் அதிக நேரம் விட்டால் மஞ்சள் படியும். வண்ணத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் காற்றுக் குமிழ் உடைந்தது என்று பொருள். பித்தளை நிறத்தில் லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) பூசாமல் விட்டால் வியர்வைக் கை பட்டுச் சில வாரத்தில் மங்கும்.

விளிம்பில் கயிறு முறுக்கு, வைர வெட்டு என்று பல வகை காட்டுவார்கள். வளைய எழுத்து விளிம்பை ஒட்டி ஓடுவதால் எளிய, வழுவழுப்பான விளிம்பே போதும்.

எண்ணிடுதல்

001 முதல் 300 வரை லேசரில் எண். சின்ன வேலைதான், வரிசை மாறினால் மொத்தமும் குழம்பும். தொழிற்சாலை சில விழுக்காடு கூடுதலாக அடித்து, குறையுள்ளதைக் கழிக்கும். எண்ணைப் போட்ட பிறகு கழித்தால் 047-ம் 183-ம் காணாமல் போகும், அதே எண்ணோடு மறுபடி ஒன்று செய்யத் தனியாக டையைப் பூட்ட வேண்டி வரும். ஆகவே "தரச் சோதனை முடிந்து, தேர்வான 300-க்கு மட்டும் எண்" என்று எழுதுங்கள்.

001 யாருக்கு? இதை விழா அன்று யோசித்தால் மனத்தாங்கல் நிச்சயம். 001-ஐ அமைப்பின் ஆவணப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆசிரியர்களுக்குப் பள்ளியில் சேர்ந்த தேதி வரிசையில் 002 முதல் 141 வரை, நன்கொடையாளர்களுக்கு முதல் நன்கொடை தேதி வரிசையில் 142 முதல் 241 வரை கொடுங்கள். தேதியோடு யாரும் சண்டை போட முடியாது.

மாதிரி, நாட்காட்டி, சுங்கம்

டை வெட்டி முடிந்ததும் ஒரு நாணயத்தை முழுதாகச் செய்து கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். படம் பார்த்து ஒப்புதல் தருவது ஆபத்து: நேர் விளக்கில் எடுத்த படத்தில் கீறலும் குழியும் மறையும், எடையோ தெரியவே தெரியாது. கையில் வந்ததும் வெர்னியர் அளவுகோலில் விட்டமும் தடிமனும் அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 44.45 என்பதை 45 ஆக்கிச் செய்யும் பழக்கம் உண்டு. ஒன்றே முக்கால் அங்குல அக்ரிலிக் டப்பிகளை முன்கூட்டி வாங்கியிருந்தால் 300 டப்பியும் மூடாது.

வரைவுக்கு ஒரு வாரம், டைக்கு ஒரு வாரம், மாதிரி வந்துபோக ஒன்றரை வாரம், உற்பத்திக்கு மூன்று வாரம், கூரியருக்கு ஒரு வாரம், திருத்தத்துக்கென்று இரண்டரை வாரம். மொத்தம் பத்து வாரம். 2027 ஏப்ரல் 14-லிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 3 வரும். அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. இந்த வகை நாணயங்கள் பெருமளவில் குவாங்டாங் மாகாணத்திலும், பேட்ஜ் தொழிலுக்குப் பேர்போன செஜியாங் மாகாணத்து ஜின்சியாங் ஊரிலும் செய்யப்படுகின்றன. புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் திரும்பி வேலை பழையபடி ஓட வாரக்கணக்கில் ஆகும். சித்திரை விழாவுக்கு நாணயம் வேண்டுமென்றால் டிசம்பர் நடுவில் வரைவு ஒப்புதல், ஜனவரி முடிவுக்குள் சரக்கு கப்பலோ விமானமோ ஏறியிருக்க வேண்டும். தையில் செய்து வாங்கி வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்குச் சுங்கம் இல்லை என்ற பழைய ஏற்பாட்டை நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். சீனப் பொருட்களுக்கு அது 2025 மே 2-லும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29-லும் நிறுத்தப்பட்டது. சுங்கமும் சேர்த்து வீட்டு வாசல் வரையான விலையைக் கேட்டு வாங்குங்கள். தயாரித்த நாட்டின் பெயரைக் குறிப்பிடுவதும் சட்டத் தேவை. அது நாணயத்தின் மேல் வராமலிருக்க, "உறையில் மட்டும்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

பெட்டி வந்த பிறகு

300-ஐயும் பாருங்கள், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா, எண் கட்டத்துக்குள் விழுந்திருக்கிறதா, புள்ளி ஐந்தும் நிற்கிறதா, இரு முகமும் ஒரே திசையா என்று பார்த்தால் போதும். நசுங்கல் பெரும்பாலும் நாணயங்களை மொத்தமாக ஒரு பையில் கொட்டி அனுப்புவதால் வருவது. பிளேட்டிங் முடிந்ததும் தனித்தனி உறையில் இட வேண்டும் என்று ஆர்டரிலேயே இருக்கட்டும். அந்த உறை மெல்லிய பி.வி.சி.யாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பி.வி.சி.யை இளக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் நாள்பட வெளியேறி, பித்தளை மீது பிசுபிசுப்பான பச்சைப் படலமாகப் படியும். நாணயம் சேகரிப்பவர்கள் பி.வி.சி.யை ஒதுக்குவது இதனால்தான். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது.

ஊர் மாறிப் போனவர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். சாதா உறையில் போட்டால் பிரிப்பு இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே 33 கிராம் உலோகம் முன்னே பாய்ந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே விழும். காலி உறை போய்ச் சேரும். நாணயத்தின் வட்டத்துக்கு வெட்டிய தடித்த அட்டைக்குள் பதித்து, குமிழ் உறையில் வைத்து, கண்காணிப்பு எண்ணோடு பார்சலாகவே அனுப்புங்கள்.

நேரில் கொடுப்பதுதான் உசிதம். 240 பேரை மேடைக்கு வரிசையாக அழைத்தால் இரண்டு மணி நேரம் பெயர் வாசிப்பாகவே போகும், கடைசி ஐம்பது பேர் பெறும்போது அரங்கு காலியாக இருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளையின் கையால், அவருடைய வகுப்பறையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். கூடவே ஒரு சிறு அட்டை: எண், பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை கற்பித்தார், அவ்வளவே. நன்கொடையாளர் அட்டையில் தொகை வரக் கூடாது. வரிக்கான ரசீது தனிக் கடிதமாகப் போகட்டும்.

பதிவேட்டில் நான்கு கட்டம் போதும்: எண், பெயர், கொடுத்த நாள், கொடுத்தவர். தொலைத்துவிட்டு வருத்தத்தோடு கேட்பவருக்கு மீதியிலிருந்து வேறு எண்ணில் ஒன்று கொடுத்து, பழைய எண்ணுக்கு எதிரே குறித்துவிடுங்கள். டை யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பதைத் தொழிற்சாலையிடம் எழுத்தில் வாங்கிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். 40 நாணயக் கையிருப்பு தீர்ந்து அடுத்த ஆர்டர் போடும்போது குழுவில் வேறு ஆட்கள் இருப்பார்கள். பான்டோன் எண்கள், அவுட்லைன் கோப்பு, அளந்து பார்த்த மாதிரி நாணயம் மூன்றும் அந்தப் பதிவேட்டோடு ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.